அடுத்த கப்பலுக்கு இப்பவே காசு கட்டலாமோ?

இந்த மாதம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் பற்றியும் இல்லை, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி பற்றியும் இல்லை. கப்பல் பற்றி.

ஃபிங்ஸ்ற் ஃபெரியனுக்குக் குடும்பமாகக் கப்பலில் போய் வந்தோம். நானும் இவரும், பன்னிரண்டு வயது மகன், எட்டு வயது மகள், எழுபத்திரண்டு வயது அம்மா. கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, பாசல், கோத்தார்ட் சுரங்கம், மிலான் எல்லாம் தாண்டி ஜெனோவா துறைமுகம். கிட்டத்தட்ட 700 கிலோமீற்றர். அம்மா கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் கோத்தார்ட் வர முதலே முடிந்துவிட்டது. சுரங்கத்துக்கு முன்னால் நின்ற வாகன வரிசையில் மகள் மூன்று தடவை "கப்பல் வந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை நல்ல வாழ்க்கை. நேப்பிள்ஸ், மெசினா, மால்டா. ஐந்தாம் நாள் மால்டாவில் இருந்து பார்சலோனா போகிற வழியில் முழுக்கக் கடல்தான், கரையே கிடையாது. அன்றைக்குக் காலையில் கீழ்த்தளத்தில் ஒரு மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. "அம்மா, சும்மா ஏதும் குடுக்கினமோ?" என்று மகன் கேட்டான். இல்லை ராசா, காசு வாங்குகினம். இந்தக் கப்பலில் இருந்து இறங்க முதலே, அடுத்த கப்பலுக்குப் பதிகிற மேசை அது.

கப்பலில் போய் வந்த எல்லாருக்கும் இந்த மேசை தெரிந்திருக்கும். ராயல் கரீபியன் கம்பனி அதற்கு நெக்ஸ்ட் குரூஸ் என்றே பெயர் வைத்திருக்கிறது. ஜெர்மன் கம்பனிகளின் கப்பல்களிலும் இதே வேலைக்கு ஒருவர் இருப்பார். கப்பலில் இருக்கும்போதே பதிந்தால் ஏதோ ஒரு சலுகை கிடைக்கும். முற்பணம் குறைவாக இருக்கலாம், அடுத்த பயணத்தில் கப்பலுக்குள் செலவழிக்க ஒரு தொகை தரலாம், திகதியை ஒருமுறை கட்டணமில்லாமல் மாற்ற விடலாம். பிரின்செஸ் மாதிரி சில கம்பனிகளில் எந்தக் கப்பல், எந்த மாதம் என்று ஒன்றும் சொல்லாமல் ஒரு சிறு தொகையை மட்டும் கட்டிவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஆறுதலாகத் தெரிவு செய்யலாம். இந்த இரண்டையும் குழப்பக்கூடாது. ஒன்று குறிப்பிட்ட பயணத்தையே வாங்குவது, மற்றது வெறும் இடம்பிடி. ஒரே மேசை, ஒரே சிரிப்பு, ஒரே மாதிரித் தாள். ஆனால் பின்னால் வருகிற கதை வேறு.

கம்பனிக்கு ஏன் எங்களில் இவ்வளவு அக்கறை? விளம்பரச் செலவு இல்லாமல் ஆள் கிடைக்குது, அதுவும் எப்படிப்பட்ட ஆள்? ஐந்து நாளாகச் சமைக்காத, பாத்திரம் கழுவாத, உடுப்பு மடிக்காத ஆள். பிள்ளைகள் பிள்ளைகளுக்கான கழகத்தில், அம்மா மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு. அந்த நேரத்தில் என்னிடம் கிட்னியைக் கேட்டாலும் எங்க கையெழுத்துப் போடுறது என்றுதான் கேட்பேன்.

இரண்டு வருசத்துக்கு முந்தி அப்படித்தான் போட்டேன்.

அதுதான் எங்கள் முதல் கப்பல். கடைசிக்கு முதல்நாள், "அடுத்த வருசமும் எல்லாரும் சேர்ந்து போவம்" என்று அம்மா சொன்னார். அப்பா போன பிறகு அம்மாவாக ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஓடிப்போய் வரிசையில் நின்றேன். ஐந்து பேருக்கும், பக்கத்துப் பக்கத்து இரண்டு அறை, அடுத்த வருசம் அதே விடுமுறைக் கிழமை. இடம்பிடி இல்லை, முழுப் பதிவு. மொத்தம் 6,400 யூரோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு முற்பணம். மேசையில் இருந்த பிள்ளை எனக்கு ஒரு குடிபானமும் தந்தா.

அடுத்த வருசம் சித்திரை மாதம் அம்மாவுக்கு நெஞ்சில் பைபாஸ் செய்யவேண்டி வந்தது. கப்பலுக்கு ஆறு கிழமை இருந்தது. டொக்டர் யோசிக்கவே இல்லை, தலையை ஆட்டிவிட்டார். அம்மாவை விட்டுவிட்டு நாங்கள் எப்படிப் போவது? எல்லாவற்றையும் ரத்துச் செய்தோம். ஸ்டோர்னோ கட்டணம் 40 சதவீதம், 2,560 யூரோ. கம்பனியில் பிழை சொல்ல மாட்டேன், நிபந்தனைகளில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை.

அந்தக் காசு போனதைவிட அம்மா அதைக் கண்டுபிடித்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "என்னாலதானே" என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒரு வருசம், வெளியில் எங்கே கூப்பிட்டாலும் "எனக்கு டிக்கற் எடுத்துப்போடாதை பிள்ளை, காசு வீணாகும்" என்ற பேச்சு. எங்கள் சனத்தில் அம்மாமார் இப்படித்தான், தங்களுக்கு வந்த வருத்தத்துக்குத் தாங்களே மன்னிப்புக் கேட்பினம்.

இனி, நான் செய்யாமல் விட்டவை. முதலாவது காப்புறுதி. ஊரில் இருக்கிற பயண முகவரிடம் பதிந்தால், ரத்துக் காப்புறுதி வேண்டுமோ என்று அவரே கேட்பார். ஆம், இல்லை என்று ஒரு கோடு போடவேண்டும். கப்பலில் அப்படி ஒருவரும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்ததும் உடுப்புத் தோய்ப்பிலும் பள்ளிக்கூடத்திலும் நான் மறந்துபோனேன். பெரும்பாலான காப்புறுதிகளை, பயணம் தொடங்க 30 நாளுக்கு முன்னர் வரை எடுக்கலாம். அதற்குப் பிந்திப் பதிந்தால், பதிந்து ஒருசில நாளுக்குள் எடுக்கவேண்டும். இன்னொரு விஷயம், வருத்தம் எதிர்பாராமல் வந்ததாக இருக்கவேண்டும். ஏற்கெனவே வைத்தியம் நடக்கிற ஒருவருக்கு எடுக்கும்போது அந்தப் பந்தியை இரண்டு தடவை வாசியுங்கோ.

இரண்டாவது, எனக்கு அப்போது தெரியவே தெரியாத ஒன்று. ஜெர்மன் சட்டத்தில், பொதிப் பயணம் ஒன்றில் உங்களால் போகமுடியாவிட்டால் உங்கள் இடத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். பயணம் தொடங்க ஏழு நாளுக்கு முதல் எழுத்தில் அறிவித்தால் காலம் பிந்தியதாகாது. கம்பனி கேட்கக்கூடியது, அந்த மாற்றத்தால் உண்மையில் வந்த மேலதிகச் செலவை மட்டும்தான். எங்கள் இரண்டு அறையையும் புரூக்ஸாலில் இருக்கிற என் மச்சாள் குடும்பம் சந்தோசமாக எடுத்திருக்கும். ஐந்து பேர், அதே வயதுப் பிள்ளைகள், அதே விடுமுறை. 2,560 யூரோவும் மிஞ்சியிருக்கும், அம்மாவும் தன்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்.

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன் என்றால் சிரிப்பு வரும். நாங்கள் இருக்கிற ஊரில்தான் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றங்கள் இரண்டு இருக்கின்றன. அரசியலமைப்பு நீதிமன்றம் அரண்மனைக்குப் பக்கத்தில். மற்றது பண்டெஸ்கெரிஹ்ற்ஸ்ஹோஃப், சுருக்கமாக பே.கே.ஹா, ஹெரன் ஸ்ட்ராசேயில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனை தரம் அந்த மதிலைத் தாண்டிப் போயிருப்பேன். உள்ளே கொலை வழக்கு மட்டும்தான் நடக்குது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயணங்கள் பற்றிய வழக்குகளை அங்கே பத்தாவது சிவில் அமர்வு விசாரிக்கிறது.

2014 டிசம்பர் 9 அன்று அந்த அமர்வு, பயணக் கம்பனிகளின் நிபந்தனைகள் பற்றி மூன்று தீர்ப்புகள் சொன்னது. முற்பணமாக 20 சதவீதம் வாங்கினால் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் கேட்கிற கம்பனி, பதிவு நடக்கும்போதே தனக்கு அவ்வளவு செலவு வருகிறது என்று காட்டவேண்டும். மிச்சக் காசைப் பயணத்துக்கு 30 நாளுக்கு முன்னதாகக் கேட்கிற நிபந்தனை பொதுவாகச் செல்லாது. என் முற்பணம் சரியாக ஐந்தில் ஒரு பங்காக இருந்ததற்குக் காரணம் மேசையில் இருந்த பிள்ளையின் நல்ல மனசு இல்லை, எங்கள் வீட்டில் இருந்து ட்ராமில் பத்து நிமிசத்தில் இருக்கிற அந்தக் கட்டடம்.

அதே அமர்வு 2022 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில் தன்யூப் ஆற்றுக் கப்பலை ரத்துச் செய்த ஒரு பயணிக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. தவிர்க்க முடியாத, வழக்கத்துக்கு மாறான நிலைமை ஒன்று பயணத்தைப் பெரிதாகப் பாதித்தால் ஸ்டோர்னோ கட்டணம் இல்லை என்பது சட்டம். இதை வாசித்ததும் எனக்கு நப்பாசை வந்தது. ஆனால் அது உலகத்துக்கே வந்த நோய். அம்மாவின் நெஞ்சு எங்கள் வீட்டு விஷயம், அதற்குக் காப்புறுதிதான் வழி. இன்னொன்றும் சொல்லவேண்டும்: இணையத்தில் வாங்கின சட்டையைப் போல 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்காதேயுங்கோ. கப்பல் மேசையில் போட்ட கையெழுத்துக்கும் சரி, வீட்டில் இருந்து இணையத்தில் பதிந்ததற்கும் சரி, பயணத்துக்கு அந்த உரிமை வழக்கமாகக் கிடையாது.

இவ்வளவும் பட்ட பிறகு இந்த வருசம் ஏன் திரும்பவும் அந்த வரிசையில் நின்றேன்? இவரும் இதைத்தான் கேட்டார். காலைச் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாதென்று தமிழிலும் இல்லாமல் ஜெர்மனிலும் இல்லாமல், கண்ணால்.

காரணம் பள்ளிக்கூடம். பிள்ளை இல்லாதவர்களும் ஓய்வூதியக்காரரும் கடைசி நேரத்தில் மலிவாகப் போகலாம். செப்டம்பர் கடைசியில் இடம் காலியாகக் கிடந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு அது இல்லை. பள்ளி நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பறந்தால் அபராதம் வரும். பாடன் வூட்டம்பேர்க்கில் கோடை விடுமுறை ஜூலை கடைசியில்தான் தொடங்கும். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் இல்லாத ஒரு வசதி எங்களுக்கு இருக்கிறது, பெந்தெகொஸ்தேக்கு இரண்டு கிழமை விடுமுறை. கப்பலுக்கு அதுதான் நல்ல காலம். வெயில் இருக்கும், ஆனால் நேப்பிள்ஸில் அம்மா மயங்கி விழுகிற அளவுக்கு இராது. பவேரியாக்காரரும் எங்களோடு அதே கிழமைகளில் வருவார்கள், நான்கு பேர் படுக்கிற அறைகள் ஒரு கப்பலில் அளவாகத்தான் இருக்கும். முதலில் முடிகிறது அவைதான். ஆகவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு முந்திப் பதிவதில் நியாயம் இருக்கிறது. அதைக் கப்பலில்தான் செய்யவேண்டும் என்று இல்லை. ஆனால் கப்பலில் தருகிற இடம்பிடிச் சலுகை, திருப்பித் தரக்கூடியதாக இருந்தால், எங்களுக்குப் பிரயோசனம்.

இந்த முறை வீட்டில் இருந்தே எழுதிக்கொண்டு போனேன். கடையில் சாமான் வாங்கப் போகிற துண்டு மாதிரி ஒரு துண்டு. மனம் இளகுகிற ஐந்தாம் நாள் எதையும் தீர்மானிக்கக்கூடாது, வீட்டில் தீர்மானித்ததை அங்கே கேட்கமட்டும் வேண்டும் என்று இவரோடு ஒப்பந்தம். முழுப் பதிவு கிடையாது. மற்றது, கடைசி நாள் போகக்கூடாது. கடைசி நாள் எல்லாரும் வருவார்கள், பின்னால் நிற்கிறவரின் மூச்சு உங்கள் கழுத்தில் படும், நிபந்தனை வாசிக்க நேரம் இராது. நான் போயிருக்க வேண்டியது இரண்டாம் நாள். ஐந்தாம் நாள்தான் போனேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மேசையில் இருந்தவர் ஒரு இளம் ஆள், நல்ல பொறுமை. இந்தக் காசு திரும்ப வருமோ, எவ்வளவு காலத்துக்குள், காசாகவோ அல்லது வவுச்சராகவோ? பதிவை ஊரில் இருக்கிற என் முகவருக்கு மாற்றலாமோ? கப்பலில் தருகிற சலுகையும் பிறகு வருகிற விலைக்கழிவும் சேருமோ, ஒன்று வந்தால் மற்றது போகுமோ? ஒப்பந்தம் ஜெர்மன் அலுவலகத்தோடா, வேறு நாட்டோடா? பிறகு சண்டை பிடிக்கவேண்டி வந்தால் எந்த மொழியில் பிடிக்கிறது என்பது இதில்தான் இருக்கிறது. கடைசியாக, ஸிஹருங்ஸ்ஷைன். பயணக் கம்பனி முறிந்தால் காசு திரும்பக் கிடைக்கும் என்ற அந்தச் சான்றிதழைத் தராமல் பொதிப் பயணத்துக்கு முற்பணம் வாங்கக்கூடாது. 2024 ஜூனில் எஃப்.டி.ஐ. முறிந்தபோது அந்தத் தாள் இருந்தவர்கள் தப்பினார்கள். எந்தப் பயணம் என்று சொல்லாமல் கட்டுகிற இடம்பிடிக் காசுக்கும் அந்தத் தாள் உண்டோ என்று கேட்டேன். அவர் எழுந்துபோய் மேலாளரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அதை ஒருவரும் கேட்கவில்லையாம். மகனுக்குப் பெரிய வெட்கம். "அம்மா, பொலிஸ் மாதிரிக் கேக்காதீங்கோ."

பிறகு அவர் திரையைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். அடுத்த வருசம் ஹம்பேர்க்கில் இருந்து, ஸ்கொட்லாந்து, பிறகு நோர்வே. மலைகளுக்கு நடுவில் கப்பல் போகிற படம். பிள்ளைகள் இரண்டு பேரும் "ஓ" என்றார்கள். இவரும்தான். "இதே கிழமைக்குப் பக்கத்து அறைகள் இரண்டு இருக்கு, இன்றைக்குப் போட்டால்..."

நான் அம்மாவின் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி மேசையில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட், அம்மாவுக்கு இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட். 1986இல் என்னை இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர். பழைய குடியுரிமையை விட்டால்தான் ஜெர்மன் குடியுரிமை என்ற பொது விதி 2024 ஜூனில்தான் போனது. அதுவரைக்கும் அம்மா விடமாட்டேன் என்றார், இப்போது "இனி என்னத்துக்கு" என்கிறார். நிரந்தர வதிவிடம் இருப்பதால் இத்தாலி, மால்டா, ஸ்பெயின், நோர்வே எல்லாம் பிரச்சினை இல்லை. ஸ்கொட்லாந்து அப்படி இல்லை, பிரித்தானிய விசா வேண்டும். ஜெர்மன் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கே 2025 ஏப்ரலில் இருந்து ஈ.டி.ஏ. என்ற முன்அனுமதி வேண்டும். அறை அட்டையைப் பார்த்து எல்லாரும் ஜெர்மன்காரர் என்று அந்தத் தம்பி நினைத்துவிட்டார். விசா எடுப்பது பயணியின் பொறுப்பு. விசா கிடைக்கவில்லை என்று ரத்துச் செய்தால் அதுவும் ஸ்டோர்னோதான்.

உங்களில் பலர் வீட்டிலும் இந்தக் கலவை இருக்கும். நீல நிறப் பயணப் பத்திரத்தோடு ஒரு மாமா, யாழ்ப்பாணத்தில் இருந்து மூன்று மாத விசாவில் வந்த ஒரு மாமி. மாமியின் விசா ஒருதரம் மட்டும் உள்ளே வரக்கூடியது என்றால், கப்பல் துனீசியாவுக்குப் போய்த் திரும்பி வரும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. படத்தைப் பார்க்க முதல் துறைமுகங்களின் பட்டியலைப் பாருங்கோ. பெயரையும் பாருங்கோ. எங்கள் ஆட்களின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் ஒரு இடத்தில், புருசனின் பெயர் இன்னொரு இடத்தில், வீட்டில் கூப்பிடுகிற பெயர் எங்கேயும் இராது. பதிவில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.

அந்த மேசையில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, அதுவரை பேசாமல் இருந்த அம்மா மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, இதில காங்கேசந்துறைக்குப் பதியலாமோ எண்டு கேள்."

அம்மா மயிலிட்டி ஆள். காங்கேசந்துறை வெளிச்சவீட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1990இல் அந்தக் கரை முழுக்க இடம்பெயர்ந்தபோது நாங்கள் இங்கே, அம்மாவின் சொந்தங்கள் அங்கே. பிறகு பல வருசம் அது உயர் பாதுகாப்பு வலயம். 2023 ஜூனில் சென்னையில் இருந்து கோர்டேலியா கம்பனியின் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் காங்கேசந்துறைக்கு வந்ததை யாரோ அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வருசம் "எனக்கு டிக்கற் எடுக்காதை" என்று சொன்ன மனுசி அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

தம்பியிடம் கேட்டேன். அவர் உண்மையாகவே தேடினார். கொழும்பு இருந்தது, குளிர்காலத்தில் போகிற நீண்ட பயணம் ஒன்றில். காங்கேசந்துறை இல்லை. அம்மா, "கொழும்பு எனக்கென்னத்துக்கு?" என்றார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை ஓடியது. எங்களுக்குப் பரிமாறிய பையன் தூத்துக்குடிக்காரர். அம்மாவோடு முதல்நாளே ஒட்டிவிட்டார், அம்மாவுக்கென்று உறைப்பு மிளகாய் எங்கிருந்தோ கொண்டுவந்து வைப்பார். "நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு ஃபெர்ரி விடுறாங்கம்மா, நாலு மணி நேரந்தான்" என்றார். உண்மைதான். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு திரும்பத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிற்கும். "நீங்க எப்ப தம்பி ஊருக்குப் போறீங்கள்?" என்று அம்மா கேட்டார். எட்டு மாத ஒப்பந்தம், இன்னும் மூன்று மாதம் இருக்காம். "நாங்களும் இறங்குறதுக்கு முன்னாடியே அடுத்த காண்ட்ராக்ட் பேசிருவோம்மா. இல்லேன்னா எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது." அதைச் சொல்லிவிட்டு எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். இவர் என்னைப் பார்த்தார். நான் கரண்டியைப் பார்த்தேன்.

அறையில் பிள்ளைகள் நித்திரையான பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைத்தோம். பணப்பெட்டி ஒன்றுதான். கப்பலுக்கும் ஊருக்கும் ஒரே வருசத்தில் போக இயலாது, ஐந்து பேருக்கு விமான டிக்கற் கோடை விடுமுறையில் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். பெந்தெகொஸ்தேக்கு ஊருக்குப் போவதென்றால் இரண்டு கிழமை காணாது. கோடை விடுமுறையில் என்றால் நல்லூர்த் திருவிழாவும் வரும், கப்பலும் அனேகமாக ஓடும். அம்மாவின் நெஞ்சு எத்தனை வருசத்துக்குச் சொல்வழி கேட்கும் என்பதுதான் கணக்கில் வராத இலக்கம். டொக்டர் இலையுதிர் காலத்தில் பார்த்துச் சொல்லுகிறேன் என்றிருக்கிறார்.

பார்சலோனாவில் கப்பல் நிற்கும்போது நான் திரும்பவும் அந்த மேசைக்குப் போனேன். எல்லாரும் ஊர் சுற்றப் போய்விட்டதால் வரிசை இல்லை. அறைக்கு 100 யூரோப்படி இரண்டு அறைக்கு இடம்பிடி மட்டும் போட்டேன். இரண்டு வருசம் செல்லும், பாவிக்காவிட்டால் காசாகத் திரும்பும், அதை எழுத்தில் வாங்கினேன். நோர்வே மலைகள் போய்விட்டன. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது, மார்செயில் ஐஸ்கிரீமோடு சரியானது. வீட்டுக்கு வந்த கிழமையே, அடுத்த கோடைக்குச் சென்னைக்கு ஐந்து டிக்கற், மாற்றக்கூடிய வகையில், விலை கொஞ்சம் கூடத்தான். பதிந்த அன்றைக்கே காப்புறுதியும். அம்மாவின் பைபாஸ் பற்றி மறைக்காமல் எழுதிக் கேட்டு, எது செல்லும் எது செல்லாது என்று பதில் வாங்கியிருக்கிறேன். சென்னையில் இருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து கப்பல். அது நின்றால் பலாலிக்குப் பறக்கிறது. அம்மாவுக்கு இரண்டாவது வழியைச் சொல்லவில்லை.

போன கிழமை கப்பல் கம்பனியில் இருந்து இடம்பிடித் தாள் தபாலில் வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தன் பெயரைத் தேடினார். "சரியா எழுதியிருக்கிறாங்களோ?" பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரி. பயணி விபரத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் மட்டும் கொழும்பு என்று இருந்தது. யாரோ இலங்கை என்றதும் அப்படிப் போட்டிருக்கவேண்டும். திருத்தி மின்னஞ்சல் அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் கணினியைத் திறக்க முதல், அம்மா மகளின் பெட்டியில் இருந்து ஒரு பேனையை எடுத்து, கொழும்பை வெட்டிவிட்டு, மேலே தமிழில் மயிலிட்டி என்று எழுதினார். அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.